பூட்டு தொங்கினால் அமுக்கிவிடுங்கள்

பெயரும் தகப்பனார் பெயரும் கோப்பில் உள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் மனைவி, இரண்டு மகள்களுடன் குடியிருக்கிறேன். என் தகப்பனார் இறந்தது சம்பந்தமாக இம்மாதம் நான்காம் தேதி ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் சிலவற்றை விட்டுவிட்டேன். இன்று யாரும் கூப்பிடாமல் நானே வந்து இதைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தார். கூடவே ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, பதினொரு பெட்டிகள். எங்கள் வீட்டில் ஒருவர் சோம்பல் முறித்தால் இன்னொருவர் மூக்கில் இடிக்கும். நாற்காலியை நகர்த்தாமல் ஃபிரிட்ஜைத் திறக்க முடியவில்லை. அதன் பிறகு, சாமான் வைக்க அறை வாடகைக்கு விடும் கிடங்கு ஒன்றில் பதினேழாம் எண் அறையை எடுத்தேன். இரும்புக் கதவு, வெளியே தாழ்ப்பாள், ஜன்னல் கிடையாது. பூட்டு நம்முடையது, அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும். சாவி அப்பாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. சாமானோடு சனியனும் ஒழிந்தது என்று அன்று மனைவியிடம் சொன்னேன்.

அதன் பிறகு நாற்காலி போன இடத்துக்கு அப்பாவும் போக ஆரம்பித்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார், ஐந்து மணிக்குள் திரும்பிவிடுவார். கேட்டால், "உங்க சோபால உக்காந்தா டிக்கெட் எடுக்காம வந்தவன் மாதிரி இருக்குடா" என்பார். நான் சிரித்தேன். அங்கே என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

வரும்போது பூட்ட மறந்துவிடுவார். மூன்று முறை கிடங்குக் காவலாளி என் கடைக்குப் போன் செய்து, "சார், பூட்டு சும்மா தொங்குது" என்றார். மூன்று முறையும் வேலையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பயணம் செய்து போய்ப் பூட்டினேன். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்தது. "இனிமே தொங்கினா தாழ்ப்பாளப் போட்டு அமுக்கி விட்டுடுங்க" என்றேன். அதற்கு அவர், "கஸ்டமர் கதவ நாங்க தொடக்கூடாது சார், வேலை போயிடும்" என்றார். "நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது" என்றேன். இதற்கு வேறு சாட்சி இல்லை. நான்காம் தேதி விசாரணையில், காவலாளியிடம் நான் எதுவும் சொல்லவில்லை என்று சொன்னது பொய்.

மூன்றாம் தேதி அப்பா போன நேரம், காவலாளி பின்பக்கம் லாரியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தாராம். அப்பா உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை. அப்பா பகலில் படுத்தால் காதில் உள்ள மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் தூங்குவார். பணிமனையில் ஏற்பட்ட பழக்கம். ஐந்தரைக்குக் காவலாளி பூட்டு தொங்குவதைப் பார்த்துக் கதவை இரண்டு தரம் தட்டினாராம். பதில் இல்லை. நான் சொன்னபடி அமுக்கினார். ஆறு மணிக்குக் கிடங்கை மூடிவிட்டுப் போனார்.

அன்று அப்பா வீட்டுக்கு வரவில்லை. அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் போய்த் தங்குவது அவருக்கு வழக்கம் என்று முன்பு சொல்லியிருந்தேன். அது உண்மைதான். ஆனால் போனை எடுத்துக்கொண்டுதான் போவார். இரவு ஒன்பது மணிக்கு அந்தப் போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது. பார்த்தேன். மனைவி, "உங்க அக்காவுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள். காலையில் பார்க்கலாம் என்றேன். பெரியவள் சோபா முழுக்கப் புத்தகத்தைப் பரப்பியிருந்தாள். சின்னவள் தரையில் உருண்டுகொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்து நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே இல்லை. அதன் பிறகு கிடங்குக்குப் போய் என் சாவியால் திறந்தேன். நாற்காலி கதவை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அப்பா அதில் சாய்ந்திருந்தார். கையில் ஒரு செருப்பு. கதவின் உள்பக்கம் அவர் உட்கார்ந்து அடிக்கும் உயரத்தில் செருப்புத் தடங்கள் இருந்தன. மாரடைப்பு என்றும், இரவு பத்து மணிக்கு மேல்தான் உயிர் போயிருக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். அந்தக் காவலாளி என்னைப் பார்த்து, "சார், நீங்கதானே சொன்னீங்க" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அவர் இப்போது உள்ளே இருக்கிறார்.

இதுவரை நான் சொன்னதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். போன் கிடந்ததும் நான் தூங்கியதும் வழக்குக்குத் தேவையில்லை, "அந்தப் பாராவ எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது.

(ஒப்பம்)
இறந்தவரின் மகன்