சைபரா, பன்னிரண்டா?

ரோஸி: பதினெட்டு தாங்க வருது.

ரெமிஜியஸ்: இன்னொரு தடவை படி. நிதானமா.

ரோஸி: பத்து கழித்தல் நாலு கூட்டல் மூணு பெருக்கல் ரெண்டு. பத்துல நாலு போனா ஆறு. மூணு சேந்தா ஒம்பது. ரெண்டால பெருக்குனா பதினெட்டு.

ரெமிஜியஸ்: ஐயோ... அப்படியே வரிசையாவா போடுவாங்க?

ரோஸி: பங்காரப்பேட்டை, டேக்கல், மாலூர்னு ட்ரெயின் வரிசையா தானே போகுது?

ரெமிஜியஸ்: போகுதா? இப்ப டேக்கல்ல இருபது நிமிஷமா ஏன் நிக்குது?

ரோஸி: பின்னாடி எக்ஸ்பிரஸ் வருதாம். அதுக்கு வழி விட்டு...

ரெமிஜியஸ்: அதே தான். பெருக்கல் எக்ஸ்பிரஸ். அது போற வரைக்கும் மத்ததெல்லாம் நம்மள மாதிரி ஓரமா நிக்கணும்.

ரோஸி: அட! அப்ப மூணு ரெண்டு ஆறு. பத்து கழித்தல் நாலு கூட்டல் ஆறு. அப்புறம்?

ரெமிஜியஸ்: அப்புறம் கூட்டல். நாலும் ஆறும் பத்து. பத்துல பத்து போனா சைபர். முடிஞ்சுது.

ரோஸி: கழித்தல் தானே முன்னாடி நிக்குது?

ரெமிஜியஸ்: போட்மாஸ் ரூல்ல அடிஷனோட ‘ஏ’ முன்னாடி, சப்ட்ராக்‌ஷனோட ‘எஸ்’ பின்னாடி. கூட்டிட்டு தான் கழிக்கணும். ஸ்கூல்லயே மனப்பாடம்.

ரோஸி: போன் பன்னிரண்டுங்குதே...

ரெமிஜியஸ்: போன் கிடக்கு. பத்து மணிக்கு கார்மென்ட்ஸ்ல டெஸ்ட். ஃபெயில் ஆனா சூப்பர்வைசர் வேலைக்கு இன்னும் ஒரு வருஷம், ஞாபகம் இருக்கட்டும்.

ரோஸி: பதினெட்டு, சைபர், பன்னிரண்டு... ஒரே கணக்குக்கு மூணு விடை. தலை சுத்துதுங்க. போன வருஷம் நீங்க எழுதியிருந்தா, எனக்கு இந்தத் தொல்லையே இல்ல.

ரெமிஜியஸ்: அன்னிக்கு எனக்கு காய்ச்சல்னு சொன்னேன்ல?

ரோஸி: ஆமா ஆமா... காய்ச்சல்.

ரெமிஜியஸ்: அதை விடு. உன் பாரத்துல சாட்சி கையெழுத்து போட்டிருக்கேன். என் மானத்த காப்பாத்து.

லட்சுமம்மா: கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு. மாலூர்ல ஏறுனா கூடை வைக்கக் கூட இடம் இல்ல. ஏனம்மா இது, காலங்காத்தால புருஷன் பொண்டாட்டி சண்டை, ஜகளா?

ரோஸி: கணக்கு, லட்சுமம்மா. பத்து கழித்தல் நாலு கூட்டல் ஆறு. இவரு சைபர்ங்கறாரு.

லட்சுமம்மா: சைபரா! என் கூடையில பத்து மாலை. அல்சூர் கோயில் வாசல்ல நாலு வித்துட்டேன்னு வை. அப்புறம் என் தங்கச்சி ஆறு கட்டி எடுத்துட்டு வரா. கூடை காலியா சாமி?

ரெமிஜியஸ்: அது... பன்னிரண்டு. ஆனா ரூல்...

லட்சுமம்மா: எந்த ரூல் என் பூவ தின்னுச்சு?

ரோஸி: சிரிக்காதீங்க லட்சுமம்மா, அவரு யோசிக்கறாரு.

லட்சுமம்மா: யோசிக்க என்ன இருக்கு? அவ கொண்டு வந்ததையும் வித்த பூவோட சேத்துட்டா வேற எப்படி வரும்?

ரெமிஜியஸ்: இரு, இரு... நாலுக்கு மட்டும் தான் கழித்தல். நான் ஆறையும் சேத்து கழிச்சிருக்கேன்! கூட்டல் எக்ஸ்பிரஸே இல்ல ரோஸி. கூட்டல், கழித்தல் ரெண்டுமே பாசஞ்சர். எது முன்னாடி நிக்குதோ அது முன்னாடி.

ரோஸி: அதுக்கு ஏங்க உங்க முகம் இப்படி ஆயிடுச்சு?

ரெமிஜியஸ்: இந்தக் கணக்கு உனக்கு எங்க கிடைச்சுது?

ரோஸி: அது இருக்கட்டும்... மொதல்ல முகம் ஏன் மாறுச்சுன்னு சொல்லுங்க.

ரெமிஜியஸ்: எனக்கு... காய்ச்சல் இல்ல. போனேன், எழுதுனேன். இதே கணக்கு. சைபர்னு போட்டேன். இந்த மாதிரி அஞ்சு கணக்கு, அஞ்சும் தப்பு. ஏன் தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

லட்சுமம்மா: ஒயிட்ஃபீல்டு வந்துருச்சு, எழுந்திரிங்க!

ரெமிஜியஸ்: வா ரோஸி. தப்பா சொல்லிக் குடுத்து உன்னையும் கெடுக்கப் பாத்தேன். இப்ப உனக்கு தெளிவா புரிஞ்சுதா?

ரோஸி: எனக்கு போன மாசமே புரிஞ்சுதுங்க, பீரோல உங்க சட்டைக்கு அடியில அந்த டெஸ்ட் பேப்பர பாத்த அன்னிக்கு. நான் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க, அதான் தெரியாத மாதிரி கேட்டேன்... இந்தாங்க பேனா. மடிச்சு நீட்டுன பாரத்துல நீங்க போட்டது சாட்சி கையெழுத்து இல்ல. இன்னிக்கு டெஸ்ட் எழுதறவங்க லிஸ்ட்ல இருக்கறது உங்க பேரு.