எஞ்சின் வாறமட்டும்

...இல்லண்ணன், நீங்களே சொல்லுங்க, இது மனிசன் செய்யிற வேலையா? இந்தக் கம்பு என்னை விட ரெண்டு மடங்கு நீளம். என்ட உள்ளங்கையப் பாருங்க, சுட்ட கத்தரிக்காய் மாதிரி! ரெண்டு தோணியச் சேத்துப் பலகை அடிச்சு, அதுக்குப் ‘பாதை’ எண்டு பேரையும் வச்சு, ஆத்தக் கடக்கிற ஊரையே என்ட தலையில கட்டிட்டானுகள். நேத்து ஒரு பட்டி ஆடு. முந்தாநாள் ஒரு கல்யாணம். ஆரையம்பதி மாப்பிள்ளை, ஆள் நெல்லு மூட்டை மாதிரி, ஏறின உடன பாதையே ஒருபக்கம் சாஞ்சிட்டு!

கால அங்கால எடுங்க... கம்புல ஆத்துவாழைக் கொடி மாட்டிட்டு... ம்ம்ம்... ஹா! வந்திட்டு.

எல்லாம் இந்த அமைச்சராலயும் கந்தோர் அதிகாரிகளாலயும் வந்த வினை. பாதைக்கு எஞ்சின் தாறம், தாறம் எண்டு எத்தின வருசமாச் சொல்றாங்க! எஞ்சின் வந்திட்டாம் அண்ணன். டவுணுல ஒரு களஞ்சியத்துல சாக்குப் போத்திக்கிட்டுப் படுத்திரிக்காம். அமைச்சரிட்டக் கேட்டா என்ன சொல்வார் தெரியுமா? இப்பிடி நெஞ்ச நிமித்தி...

‘எனதன்புக்குரிய... க்கும்... வாவிக்கரை வாழ் மக்களே! நாட்டின் பொருளாதாரம் உங்கள் தோளிலே! நான் சொல்லவேண்டியதை என்றைக்கோ சொல்லிவிட்டேன். அதிகாரிகள்தான்... அசைகிறார்கள் இல்லை!’

மறுகா கந்தோர்ப் பெரியவரிட்டப் போனா... நான் ஆளக் கண்டதில்ல, ஆனா போன்ல கேட்டுக் குரல் பாடம். ‘ஹ்ம்... ஹ்ம்... அமைச்சர் ஒரு வார்த்தை சொன்னா இப்பவே அனுப்பலாம். முறைப்படி வரட்டும், பாப்பம்.’

இவர் அவரக் காட்ட, அவர் இவரக் காட்ட, எஞ்சின் துருப்புடிக்க, நான் கம்பு ஊண்ட! இதுக்குப் பேர்தான் அபிவிருத்தியா அண்ணன்?

அந்தா, கரையில கறுப்புக் கல்லு தெரியுதா? பாலத்துக்கு வச்ச அடிக்கல். பக்கத்துல இரிக்கிறது அடுத்த அமைச்சர் வச்சது, அதே பாலத்துக்குத்தான். மூண்டாவது கல்லுல அன்னப்பூரணி மாமி கருவாடு காயப்போடுறா. இந்தத் துறையில முன்னேறினது மாமிட கருவாடு மட்டுந்தான்.

முந்தி இப்பிடிக் கம்பூண்டத் தேவயில்ல. கரைக்குக் கரை கயிறு கட்டியிருந்திச்சு, புடிச்சு இழுத்தா ஓடும். கயிறு எங்கயா...? அது... பிள்ளையார் கோயில்ல. தேர்வடமாப் போட்டிட்டு.

ஏனெண்டா, திருவிழா அண்டு ஒலிபெருக்கியில அமைச்சர்ட குரல் கேட்டிச்சு. ‘வருகின்ற வெள்ளிக்கிழமை எஞ்சின் வரும்! இனி நீங்கள் கயிறு இழுக்கத் தேவையில்லை!’ ஐயோ, நீங்க பாத்திருக்கணும்! சனம் ஒரே கைதட்டு. சென்றியில நிண்ட ஆமிக்காரன் நிமிந்து சலூட் அடிச்சான்! எங்கட ஆக்களுக்குப் பொறுமை ஏது? எஞ்சின் வாற துறைக்குக் கயிறு என்னத்துக்கு எண்டு அவிட்டுக் கொண்டுபோய்த் தேருக்கு நேந்து குடுத்திட்டாங்க. சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கேலாதாம். வெள்ளியும் போச்சு, எஞ்சினையும் காணல்ல.

அமைச்சரா? அவர் எங்க வந்தார், அவர் கொழும்புல... அது... மைக் சும்மா கிடந்திச்சண்ணன். ஒலிபெருக்கிக்கார ஹமீட் காக்கா தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார். கிடந்த மைக்க எப்பிடி அண்ணன் பாத்துக்கொண்டு நிக்கிற? ஒரு சின்ன ஆசை!

கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர் கதிர்காமத்தம்பி என்ட காதப் புடிச்சுத் தூக்கினார். ‘டேய்! எஞ்சின் வாறமட்டும் நீதான்டா எஞ்சின்!’ சோதனை வருது, படிக்கணும் எண்டன். ‘எஞ்சின் எங்கயாவது படிக்குமாடா?’ இனி எஞ்சின் வந்தாத்தான் எனக்கு விடுதலை.

நீங்க என்ன வேலை அண்ணன்? சப்பாத்தக் கையில வச்சுக்கிட்டு... தையல் மெசின் விக்கிறீங்களா? தடுமல் போல, செருமிக்கிட்டே வாறீங்க. ஹ்ம்... ஹ்ம்... அட, அச்சு அந்தக் கந்தோர்ப் பெரியவர் மாதிரியே! நான் எவ்வளவு பழகித்தான் செருமுறன், உங்களுக்குத் தானாவே...

அண்ணன்?

...சேர்!

ஐயோ சேர், சத்தியமா சேர், உங்களச் சொல்லல்ல, வேற ஒரு பெரியவர்... பாய்ஞ்சிரவா சேர்? கரை கிட்டத்தான், இங்க இடுப்பளவு தண்ணி, நான் நடந்தே போயிருவன்...

என்ன சேர்? கம்ப விடாதயா? சரி, சரி, ஊண்டுறன்... போன் பேசுற கொமினிகேசன் கடையா? இரிக்கு சேர், துறையடியிலதான், றமீஸா அக்காட கடை. ஏன் சேர்? இது ஆருட நம்பர்? எஞ்சின் கிடக்கிற களஞ்சியத்து ஸ்ரோர்கீப்பர்ட...? அமைச்சர்ட வாயால ஒரு வார்த்தை கேட்டாக் காணுமாமா, எஞ்சின விட்டிருவாராமா? நீங்களும் அதுக்குத்தான் நடையா நடந்து சப்பாத்துத் தேஞ்சு போனீங்களா?

சேர்... நீங்களா சொல்றீங்க?

பொறுங்க, தொண்டையச் சரியாக்கிக்கிறன். ‘எனதன்புக்குரிய... க்கும்... களஞ்சியப் பொறுப்பாளரே!’ சரியா? இன்னும் கொஞ்சம் இழுக்கணுமா?

சேர், ஒரு சின்னக் கேள்வி. எஞ்சினோட நிப்பாட்டவா, பாலத்தையும் கேட்டுரட்டா?