ஆறிய முழங்கால்கள்

நீங்கள் படியேறி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை ஒவ்வொரு படியிலும் சற்றுத் தாமதமாகத்தான் வைத்தீர்கள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் வைத்தியம் பேசக் கூடாதுதான். என்ன செய்வது, முழங்கால் டாக்டருக்கு ஆளின் முகம் பிறகுதான் கண்ணில் படும்.

மூட்டில் எலும்புகளின் நுனியை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. தோல் கிழிந்தால் ஒட்டும், எலும்பு முறிந்தால் கூடும். இது தேய்ந்தால் தேய்ந்ததுதான். ரத்த ஓட்டம் கிடையாது, தானாக வளராது. வளரவைக்கத்தான் என் ஆயுளில் பாதியைக் கொட்டினேன். நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, பஞ்சு போன்ற மெல்லிய வில்லை ஒன்றில் விதைத்து, குழி விழுந்த இடத்தில் பதிப்பேன். மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

என் மனைவியின் தம்பிக்கும் அப்படித்தான் செய்தேன். டைல்ஸ் ஒட்டுகிறவன். நாள் முழுக்க மண்டியிட்டே வேலை. கால் போனால் பிழைப்பு போச்சு. அவன் முழங்காலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. வில்லை வைத்த மறு வருடம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு அவனே மண்டியிட்டுத் தரை போட்டுக் கொடுத்தான். "காலுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு அத்தான்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாநாட்டில் அவனுடைய ஸ்கேன் படங்களைக் காட்டினேன். முன்வரிசையில் எங்கள் துறையின் பெரிய பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி, "படம் அழகா இருக்கு. துண்டு எங்க?" என்று கேட்டார். சபை சிரித்தது.

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் எரிச்சல். வளர்ந்திருப்பது உண்மையான குருத்தெலும்பா, குழியை அடைத்த வெறும் தழும்பா என்று படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குணமானவன் எவன் வெட்டிக்கொள்ள வருவான்? மற்ற டாக்டர்களிடம் இந்த மாதிரி வைத்தியம் பலிக்காதவர்கள் மட்டும் வலியோடு திரும்பி வருவார்கள். அவர்கள் காலைத் திறந்து பார்த்து ஊரே கட்டுரை எழுதும். என் வெற்றிகளெல்லாம் மாடிப்படி ஏறிக்கொண்டு, பஸ் பிடித்துக்கொண்டு, என்னை மறந்து திரிந்தன.

முதலில் முறைப்படிதான் கேட்டேன். "நல்லா இருக்கிற வீட்டுல எதுக்கு அத்தான் பள்ளம் தோண்டணும்?" என்று சிரித்தான் மச்சான். மனைவி சிரிக்கவில்லை. "அவன் காலு உங்க பரீட்சைப் பேப்பர் இல்ல. விட்டுடுங்க."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. வருடாந்திரப் பரிசோதனை என்று அவனைக் கூப்பிட்டு, மூட்டுக்கு வலு கொடுக்கிற ஊசி என்று சொல்லி, மூட்டை வீங்கவைக்கிற ஒன்றைப் போட்டேன். சில நாளில் நொண்டிக்கொண்டு வந்தான். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், திறந்து கழுவ வேண்டும் என்றேன். "நீங்க இருக்கீங்க, எனக்கென்ன பயம்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

ஊசி கனத்துக்கு ஒரு துண்டு போதும். ஆனால் நல்ல இடமாகப் பார்த்துக் கிள்ளினேன் என்பார்கள். அந்தச் சபையை எனக்குத் தெரியும். அதனால் குழியில் வளர்ந்திருந்தது முழுவதையும் எடுத்தேன்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது அழுதுவிட்டேன். அப்பழுக்கில்லாத குருத்தெலும்பு, பிறந்த குழந்தையின் மூட்டில் இருப்பது போல. மச்சான் இப்போது மண்டியிடுவதில்லை. ஒரு கடையில் உட்கார்ந்து சாம்பிள் டைல்ஸ் காட்டுகிறான். ஊசியைப் பற்றி மனைவிக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாநாட்டுக்குத் துண்டோடு போனேன். பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு உட்கார்ந்து, "பிரமாதம். ஆனா ஒரே ஆளுதானே?" என்றார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குத்தான் போலிருக்கிறது.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், ஒவ்வொருவரையும் நானே போனில் கூப்பிட்டேன். எல்லோருக்கும் அதே ஊசி, அதே சீழ்க் கதை. ஒருவரும் சந்தேகப்படவில்லை, கால் கொடுத்த டாக்டர் கூப்பிட்டால் யார் வராமல் இருப்பார்கள்? இப்போது அவர்களில் யாராலும் தடியில்லாமல் நடக்க முடியவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். அதை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: நான் எடுத்த துண்டுகளில் ஒன்றுகூடத் தழும்பு இல்லை. என் வைத்தியம் ஒருவரிடமும் தோற்கவில்லை.