ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்

பிறர் பேச்சை எழுதுவது பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன். தொண்ணூறுகளில் ஒரு மாலை, ஹவுராவிலிருந்து கல்கத்தா வரும் படகில் என் முன்னால் ஒரு தம்பதி. மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே தமிழ் யாருக்குப் புரியும் என்று உரக்கவே பேசினார்கள்.

"சுவாமி உத்தரவு கொடுக்கலேன்னு சொல்லிடுங்கோ," என்றாள் அந்த அம்மாள்.

"காலம்பற சுவாமி முன்னாடி பூக் கட்டிப் போட்டோமே, நீ கேட்ட வெள்ளைதானேடி வந்தது? கன்னத்துல போட்டுண்டியே!"

"கல்கத்தான்னுதானே தரகர் சொன்னார்? வாசல்ல சாக்கடை, பக்கத்துல இரும்புப் பட்டறை. ஹவுரால சம்பந்தம் பண்ணிண்டா நம்ம டாக்குரியாக்காரா முன்னாடி தலைகாட்ட முடியுமா?"

"மெட்ராஸுக்கு ரயிலேற மட்டும் ஹவுரா வேணுமாக்கும்! பொண்ணுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. ஊர்தான்."

"அதுக்கு பகவான் மேல ஏன் பழி போடறே?"

"அவர்தான் திருப்பிக் கேக்கமாட்டார்."

 "சரி, நாளைக்கு போன் பண்ணிடறேன்," என்றார்.

படிக்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நாலு பேரிடம் சொல்லுங்கள். என்றாவது அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டட்டும். அவளை வேண்டாம் என்றது சுவாமி இல்லை.