‘தெரியவில்லை’ என்று எழுதியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ரோபோ போட்டிக் குழுவின் நண்பர்களே, இந்தப் பனியில் கிரீன் பே நகரிலிருந்து தனியாக வண்டி ஓட்டி வந்திருக்கும் லைலின் அண்ணன் மகள் கார்லீன் அவர்களே, எட்டு அணிகளின் மாணவர்களே, பெற்றோர்களே! க்வென் லகாஸின் வணக்கம். இந்தப் பள்ளிப் பட்டறையின் ஆசிரியை நான். ஊதா அணியின் பயிற்சியாளர்.

இந்த உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு நாற்காலிகள் போட்டோம். முப்பத்தொன்பது பேர் வந்திருக்கிறோம். போன மார்ச்சில் போட்டி நடந்தபோது இதே கூடத்தில் நிற்க இடமில்லை. தலைகளை எண்ணுகிறாளே என்று கோபிக்காதீர்கள். எதையும் சரிபார்ப்பது லைலிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? காகித ஆலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பாய்லர் பரிசோதகராக இருந்தவருக்காக! ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், பதினேழு ஆண்டுகள் நம் மாணவர் ரோபோக்களின் காற்றுத் தொட்டிகளைப் பரிசோதித்தவருக்காக! ஐயா லைல் ஹெய்க்கிலா அவர்களுக்காக!

நம் ரோபோக்களின் கைகளைத் தூக்குவது காற்று. சோடா பாட்டில் அளவுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிக்குள் அதை அடைத்து வைக்கிறோம். கார் டயரில் இருப்பதைப் போல மூன்றரை மடங்கு அழுத்தம். அந்தத் தொட்டி வெடித்தால் சில்லு எங்கே போகும்? குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்துக்குத்தான் போகும்! அதனால்தான் லைல் ஒவ்வொரு தொட்டியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தடவிப் பார்த்தார். காற்றை முழுக்கத் திறந்து விடச் சொல்லிவிட்டு, அழுத்தமானியைக் காட்டிக் கேட்பார்.

“முள்ளு எங்க நிக்குது?”

“ஜீரோல சார்.”

“பாத்துச் சொல்றியா, பழக்கத்துல சொல்றியா?”

பிள்ளை மறுபடியும் குனியும். சிரிக்கிறீர்கள்! உங்களில் எத்தனை பேரைக் குனிய வைத்திருக்கிறார்!

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊதா அணி முதன்முறையாக மாவட்ட இறுதிச் சுற்றுக்கு வந்தது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ரோபோ முழுக்க ஊதா பெயிண்ட் அடித்தார்கள், காற்றுத் தொட்டி உட்பட. தடுத்திருக்க வேண்டிய நானே கடைக்குப் போய் இன்னொரு டப்பா வாங்கி வந்தேன். பரிசோதனைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: சரி, சரியில்லை. லைல் இரண்டிலும் டிக் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘தெரியவில்லை’.

“தெரியலைன்னா என்ன அர்த்தம் லைல்? தொட்டி கண்ணு முன்னாலதானே இருக்கு!”

“பெயிண்டுதான் கண்ணு முன்னால இருக்கு டீச்சர். அதுக்கடியில விரிசல் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்கு எப்படி டிக் போடறது?”

“முக்கால் மணி நேரத்துல வேற தொட்டிக்கு நான் எங்க போவேன்?”

“எங்கயும் போக முடியாதுதான்” என்றார்.

கை தூக்காத ரோபோவோடு ஆடினோம், தோற்றோம். அது பள்ளியில் கடைசி ஆண்டுப் பிள்ளைகளின் கடைசிப் போட்டி. அவர்கள் அழுததைப் பார்த்த ஆத்திரத்தில், எல்லோர் முன்னாலும் அவரிடம் நான் கேட்டேன்: “சொந்தப் பிள்ளைங்கன்னு யாராச்சும் இருந்திருந்தா இப்படிச் செய்ய உங்களுக்கு மனசு வந்திருக்குமா?”

லைல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். “அடுத்த டீம் வாங்க” என்றார்.

அதோடு விட்டேனா? மறுவாரம் அந்தத் தொட்டியின் பெயிண்டைக் கத்தியால் சுரண்டினேன். ஒரு விரிசல்கூட இல்லை! நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை விளக்கின் கீழே அதைப் பத்து நிமிடம் பார்த்தார் மனிதர்.

“நல்ல தொட்டிதான்.”

“இப்பவாச்சும் ஒத்துக்கறீங்களா?”

“விரிசல் இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? தெரியலைன்னுதானே சொன்னேன். ஆனா இப்ப நீங்க சுரண்டினதுல கெட்டுப்போச்சு டீச்சர். இனிமே இதை எந்த ரோபோவுலயும் போட முடியாது.” பிறகு கேட்டார்: “காபி போடட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பரிசோதகர் பக்கத்தில் எந்த அணியும் உட்காராது. காக்கா பிடிக்கிறோம் என்று மற்றவர்கள் பேசுவார்கள் அல்லவா? அதனால் ஒவ்வொரு போட்டியின் மதியத்திலும் அதோ அந்தப் படிவரிசையின் உச்சியில், பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், இறைச்சி வைத்து மடித்த பாஸ்டி ரொட்டியைத் தனியாகத் தின்றார் லைல். ஒருமுறை நான் படியேறி வருவதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்காகத்தான் இடம் விட்டார் என்று தெரிந்தது. தெரிந்தும் வேறு பக்கம் திரும்பிப் போனேன். அந்த ஒரு பத்து நிமிடத்தைத் திரும்பத் தருவார் யார்?

இந்த மாதம் அவர் வாசலில் மூன்று நாள் பனி அள்ளப்படாமல் கிடந்த பிறகுதான் அவர் இறந்தது நமக்குத் தெரியவந்தது. மூன்று நாள்! இந்தச் சின்ன ஊரில்!

நேற்று கார்லீன் என்னிடம் ஒரு பெட்டியைத் தந்தார். லைல் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்ததாம். உள்ளே ஊதாக் கறை போகாத அந்தத் தொட்டி. அதில் கட்டியிருந்த அட்டையில் அதே பென்சில் எழுத்து: ‘க்வென் டீச்சருடையது. நல்ல தொட்டி. யாரும் பயன்படுத்த வேண்டாம்.’ இரவெல்லாம் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பதினேழு ஆண்டுகளில் இங்கே ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் சேதமில்லை. அதற்காக யாராவது ஒருநாள் கைதட்டினோமா? நடக்காத விபத்துக்கு யார் கைதட்டுவார்கள்! அவர் ஒதுக்கிய தொட்டிகளில் எது வெடித்திருக்கும்? எந்தப் பிள்ளையின் பார்வை போயிருக்கும்? தெரியவில்லை, நண்பர்களே. அது நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகட்டும் என்பதற்காகத்தான் அந்த மனிதர் பதினேழு ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து தின்றார்!

ஐயா லைல் ஹெய்க்கிலா அவர்களே, நான் சொன்ன அந்த வார்த்தைக்கு, நீங்கள் இருந்தவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், உங்களுக்குக் கேட்காது.

ஊதா அணியை இன்றோடு வேறொருவரிடம் ஒப்படைக்கிறேன். போட்டி நாளான மார்ச் முதல் சனிக்கிழமை அவருடைய பரிசோதனை மேசையில், அவருடைய பென்சிலோடு நான் இருப்பேன். பெயிண்ட் அடித்த தொட்டியைக் கொண்டு வந்தால் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவேன். பிள்ளைகள் அழுதாலும் எழுதுவேன். என்னைத் திட்டுங்கள், நான் திட்டியதைவிட மோசமாகவே திட்டுங்கள். ஆனால் மதியம் அந்த உச்சிப் படியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது ஒருவர் ஏறி வாருங்கள்.