இரைச்சல் நின்ற வீடு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. ஒரு லென்ஸை மாட்டி, "இது தெளிவா இருக்கா? இப்போ?" என்று கேட்பேன். வாடிக்கையாளர் எதைச் சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்வேன். உங்களுக்கு அப்படித் தெரியவே இல்லை, சும்மா சொல்கிறீர்கள் என்று ஒருவரிடமும் சொன்னது கிடையாது. ஒருவருடைய கண் அவருக்குச் சொல்வதை இன்னொருவர் மறுப்பது மரியாதை இல்லை. காதுக்கும் அதே மரியாதையைத்தான் நான் எதிர்பார்த்தேன் சார்.

எங்கள் முன்னறையில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் கேபிளைத்தான் மாற்றினேன். புதியது கட்டைவிரல் தடிமன், வெள்ளி பூசிய செம்பு, மேலே நூல் பின்னல். மாட்டிய அன்றே பாட்டு மாறிவிட்டது. பாடுகிறவர் சுவரைவிட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றார். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே பாதிப் பாட்டு கேட்டாள்.

"நல்லாதாங்க இருக்கு. முன்னாடியும் நல்லாதானே இருந்துச்சு?"

இத்தனை வருடத்தில் அவளிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. "ஆமாங்க, வித்தியாசம் தெரியுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எரிச்சலாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

அவளுடைய தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் கேபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் உங்களுக்கு நல்லா காது குத்திட்டான் மாமா" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதோடு விட்டானா? போட்டி என்றான். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் பழைய கேபிளையும் புதிய கேபிளையும் மாற்றி மாற்றி மாட்டினான். எது எதென்று நான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தப்பாகச் சொன்னேன். கடைசித் தடவை, இது புதியதுதான் என்று அடித்துச் சொல்லித் திரும்பினேன். புதியது அவன் தோளில் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நானும் கூடச் சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் காதில் குறை இல்லை. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் ஒன்று எப்போதும் இருந்தது. வாயைத் திறக்காமல் யாரோ முனகுவது போல. அது இருக்கும்வரை எந்தக் கேபிளின் அருமையும் தெரியாது. அதை ஒழிக்க நான் படாத பாடு இல்லை. ஸ்பீக்கரை நகர்த்தினேன். ஒவ்வொரு வயராகப் பிரித்துப் போட்டேன். ஃபிரிட்ஜை அணைத்துவைத்துப் பால் திரிந்து, அதற்கும் பேச்சு வாங்கினேன். கடைசியில், இரைச்சல் வீட்டின் எர்த் கம்பி வழியாக வருகிறது என்று பிடிபட்டது. மெயின் போர்டைத் திறந்து அந்தப் பச்சைக் கம்பியைக் கழற்றி, முனையில் டேப் சுற்றினேன். இரைச்சல் நின்றது.

எர்த் எதற்கென்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மெஷின்களில் கசியும் மின்சாரம் ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குப் போவதற்கு. எங்கள் வீட்டில் எதுவும் கசியவில்லை என்று நினைத்தேன்.

சில நாளில் அவள், "என்னங்க, வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருங்குது" என்றாள். ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு துவைக்கச் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கடைக்குப் போயிருந்தபோது டெஸ்டரை மெஷின் மேல் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

எர்த்தைத் திரும்ப மாட்ட ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தது உண்மை. ஆனால் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வருவதாக இருந்தான். இன்னொரு போட்டிக்கு நான்தான் கூப்பிட்டிருந்தேன். மாட்டினால் இரைச்சல் திரும்பும், நான் மறுபடியும் தோற்பேன். போட்டி முடிந்ததும் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். கோபத்தில் செய்ததல்ல, யோசித்துச் செய்ததுதான்.

"தம்பியைக் கூப்பிட்டு மெஷினைப் பாக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், நானே சரி பண்ணிட்டேன்" என்றேன்.

நம்பினாள். காது விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவளுக்கு என் மேல் நம்பிக்கை உண்டு. சரியாகிவிட்டது என்று நினைத்துச் செருப்பையும் விட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினிலிருந்து துணியை எடுக்கும்போதுதான் ஷாக் அடித்தது. நான் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

மைத்துனன் மெயின் போர்டைத் திறந்து, டேப் சுற்றிய முனையைப் பார்த்தான். "மெஷின்ல கசிஞ்ச கரண்ட் எர்த்ல போனதுதான் மாமா உங்களுக்கு இரைச்சலா கேட்டிருக்கு. அதைப் போயி..." என்றான். போட்டியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. இனி அவன் வரமாட்டான். அதில் எனக்கு வருத்தம்தான்.

பாட்டுச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அது பொய். அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நான் சொன்ன அந்தப் பொய்யால் கேபிளுக்குத்தான் கெட்ட பெயர். அந்தக் காலையில் எல்லாம் கேட்டது. பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. இரண்டு கதவுகளுக்கு அப்பாலிருந்து அவள் "என்னங்க" என்று கூப்பிட்டதும் கேட்டது. முதலில் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு மெதுவாக, பாதி வார்த்தை மட்டும். பாட்டு முடியக் கொஞ்சம்தான் இருந்தது. முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பழைய கேபிளாக இருந்திருந்தால், அவள் இரண்டாவது முறை கூப்பிட்டது எனக்குக் கேட்டே இருக்காது சார்.