குழந்தையின் காலுறைக்குள் இருந்த தோட்டாக்கள்

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். என் கணவர் தரை ஓடுகளும் குளியலறைச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போன வாரம் அறுவை சிகிச்சை செய்து அவளுக்குப் பெண் குழந்தை எடுத்தார்கள். அது மாமியார் இல்லாத வீடு. மருமகன் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவார். சம்பந்திக்குத் தனக்கு வெந்நீர் வைத்துக்கொள்ளக்கூடத் தெரியாது. ஆகையால் நான் போய்க் கூட இருப்பது என்று முடிவாகி, இன்று காலை விமானத்தில் நானும் என் கணவரும் புறப்படுவதாக இருந்தது.

என் கணவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தெருவில் திருடன் வந்துபோன பிறகு வாங்கியது. இதுவரை அது ஒரு திருடனையும் பார்த்ததில்லை. ஒருமுறை துடைக்கும்போது வெடித்து எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி ஓட்டையானது. அன்றிலிருந்து தெருவில் அவருக்குத் 'தொட்டி வேட்டைக்காரர்' என்று பெயர். துப்பாக்கிக்கு ஈரம் ஆகாது என்று படுக்கையறையில் உலர்ந்த சுவரோரம் அதற்கு ஓர் இரும்பு அலமாரி வைத்தார். அங்கே இருந்த என் துணிகள் குளியலறைச் சுவரோரம் போயின. அலமாரிச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும், குளிக்கப் போகும்போதும் எடுத்துக்கொண்டுதான் போவார். நான் அதைத் தொட்டதே கிடையாது. அவர் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு எண்ணெய் போடுவார். அதன் பிறகு அந்த மேசையில் சாப்பிட எனக்கு அருவருப்பாக இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டுவிடுவேன்.

பேத்தியைப் பார்க்கப் போகிற இடத்துக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்டேன். சம்பந்தி பார்க்க ஆசைப்படுகிறார், அவர் வீட்டுக்குப் பின்னால் வெற்றுநிலம் இருக்கிறது, நாலு பாட்டிலை வைத்துச் சுட்டுக் காட்டலாம் என்றார். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை தூங்குகிற வீடு அது என்றேன். அதன் பிறகு விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். துப்பாக்கியைக் காலி செய்து, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கும் முகப்பில் சொல்லிச் சரக்கறைக்கு அனுப்ப வேண்டும் என்றும், தோட்டா கொண்டுவந்தால் அதையும் சொல்ல வேண்டும், அதற்குரிய அட்டைப் பெட்டியில் இருக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னது எனக்கும் கேட்டது. தோட்டா வந்த அட்டைப் பெட்டியை அவர் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார். அன்று மாலை முழுக்க அதைத் தேடினார்.

குழந்தைத் துணிப் பையை நேற்று நான்தான் அடுக்கினேன். எங்கள் பிரிவில் வரும் துணிகளில் ஊசி இருக்கும், உடைந்த மருந்துக் குப்பி இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் உதறி, சட்டைப்பைகளை வெளியே இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. வீட்டிலும் எனக்கு அதே பழக்கம். சட்டை, தொப்பி, துண்டு எல்லாவற்றையும் உதறித்தான் வைத்தேன். காலுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தட்டையாக வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றைத் திணித்துப் பந்தாகச் சுருட்டினால் வாய் தளர்ந்துவிடும் என்பதால் நான் அப்படிச் செய்வதே இல்லை. என் கணவர் தன் காலுறைகளை அப்படித்தான் சுருட்டுவார். இதற்காக எங்கள் வீட்டில் பல வருடமாகச் சண்டை உண்டு. இன்று காலை நான் குளித்துவிட்டு வந்தபோது அறையில் எண்ணெய் வாசனை அடித்தது. அவர் துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு விமான நிலையம் வந்தோம். முகப்பில் இருந்த பெண் பெட்டியைத் திறக்கச் சொல்லி, காவலர் ஒருவர் துப்பாக்கி காலியாக இருப்பதைப் பார்த்த பின், தோட்டா இருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் இல்லை என்றார். பெட்டியைப் பூட்டியதும், அலமாரிச் சாவியும் பெட்டிச் சாவியும் கோத்த வளையத்தை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் கொடுத்து, "நீ வெச்சுக்கோ" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு மனிதருக்கு நம்பிக்கை வந்ததே என்று நினைத்தேன். அப்போதே திட்டம் போட்டுத்தான் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு குழந்தைத் துணிப் பையையும் என் தோளில் மாட்டிவிட்டு அவர் ஆண்கள் வரிசைக்குப் போனார். அந்தப் பை சோதனை இயந்திரத்துக்குள் போய் நின்றுவிட்டது. சோதனை செய்யும் பெண் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தார். இரண்டு ஜோடிக் காலுறைகள் பந்தாகச் சுருட்டியிருந்தன. அவற்றை விரித்ததும் ஜோடிக்கு மூன்றாக ஆறு தோட்டாக்கள் தட்டில் விழுந்தன. வெள்ளைக் காலுறையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை முகர்ந்ததும் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். பயத்தில் என்று எழுத வேண்டாம். அது பயம் இல்லை.

என் கணவர் அடுத்த வரிசையில் இடுப்புவாரை மாட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "பெட்டி, பை எல்லாம் அடுக்குறது அவதான். சாவியும் அவகிட்டதான் எப்பவும் இருக்கும்" என்றார். என் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். சாவி அதில் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டும் ஒரே வீடு.

பிறகு எங்களை இந்தக் காவல் அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காவலர் சற்றுத் தள்ளி நின்றார். என் கணவர் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்து எவ்வளவோ காலம் ஆகிறது. பிறகு தாழ்ந்த குரலில், "நீ தெரியாம வெச்சுட்டேன்னு சொல்லிரு. பொம்பளைன்னா கண்டிச்சு விட்டுருவாங்க. நான் வெச்சேன்னா லைசென்ஸ் போயிடும்" என்றார்.

மகள் அங்கே ஒண்டியாகக் கிடக்கிறாளே, என்னைப் பிடித்து வைத்துவிட்டால் அவளை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம்" என்றார்.

அதன் பிறகு நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பெஞ்சின் கீழே அப்படியே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேத்தியின் காலுறையில் மறைத்துவிட்டு, அதை என் தலையில் கட்டப் பார்த்தவரை இன்றுதான் பார்க்கிறேன். அவரோடு ஒரே பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் எழுந்து நின்றேன். காவலர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தோட்டாக்களை நான் வைக்கவில்லை. அவை பையில் இருப்பதும் எனக்குத் தெரியாது. சாவி இன்று காலைதான் என் கைக்கு வந்தது, முகப்பில் இருந்த பெண்ணைக் கேட்டால் தெரியும். அந்த வளையத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன், அது எனக்குத் திரும்ப வேண்டாம். மற்றத் துணிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். அந்த இரண்டு ஜோடிக் காலுறைகளைச் சாட்சிப் பொருளாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வெளுக்க எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குழந்தையின் காலில் போட மாட்டேன். என்னை அனுப்பினால் அடுத்த விமானத்தில் என் மகளிடம் போவேன். ஒரு சீட்டுப் போதும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'எங்கள் துப்பாக்கி' என்று இருந்தது. 'அவருடைய துப்பாக்கி' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இனி இதில் மாற்ற ஒன்றும் இல்லை. யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகச் சொன்ன உண்மை இது.

(ஒப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர்
என் முன் பதிவு செய்யப்பட்டது: காவல் ஆய்வாளர்